அலுவலகம் திரும்புதல் என்றால் என்ன? அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2025 ஜனவரி 20 அன்று டொனால்ட் டிரம்ப் இரண்டாம் முறையாக அதிபர் பொறுப்பேற்றார். அன்றைக்கே அவர் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று மிகச் சிறியது. அதன் உள்ளடக்கம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: துறைத் தலைவர்கள் கூடிய விரைவில் ரிமோட் வேலை ஏற்பாடுகளை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும், ஊழியர்களை முழுநேரமும் அவரவர் பணித்தலத்துக்கு நேரில் வரச்செய்ய வேண்டும், தேவையென்று தாங்கள் கருதும் விலக்குகளை மட்டும் அளிக்கலாம்.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போன அமெரிக்க அரசு ஊழியர்கள் ஐந்து வருடமாக அங்கேயேவா இருந்தார்கள்? ‘திரும்பி வா’ என்ற சொல்லே அப்படித்தான் நினைக்கத் தூண்டுகிறது. ஆனால் உண்மை வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் பாதி இருட்டில் நிற்பதாகத்தான் ஆகும்.

வெள்ளை மாளிகையின் வரவு செலவுத் திட்ட அலுவலகம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை அளித்தது. அதன்படி, கணக்கெடுத்த துறைகளில் சிவில் ஊழியர்கள் ஏறத்தாழ 22.8 லட்சம் பேர். அவர்களில் 54 விழுக்காட்டினரின் வேலை, நேரில் போனால் மட்டுமே நடக்கக்கூடியது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் செவிலியர், விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிப்பவர், இறைச்சிக் கூடத்தில் தரம் பார்க்கும் ஆய்வாளர், சிறைக் காவலர், காட்டுத் தீயை அணைக்கப் போகிறவர். இவர்கள் எங்கிருந்தும் ‘திரும்ப’ வேண்டியதில்லை, போகவே இல்லையே. மீதி 46 விழுக்காட்டினர்தான் வீட்டிலிருந்து ஓரளவாவது வேலை செய்யத் தகுதி பெற்றவர்கள். அவர்களிலும் முழுநேர ரிமோட் ஊழியர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மற்றவர்கள் தங்கள் வேலை நேரத்தில் சுமார் 61 விழுக்காட்டை அலுவலகத்தில்தான் செலவிட்டிருக்கிறார்கள். அலுவலகமே போகத் தேவையில்லாத ரிமோட் ஊழியர்கள் 2.28 லட்சம் பேர், அதாவது மொத்தத்தில் பத்தில் ஒருவர்.

அப்படியானால் விவாதம் யாரைப் பற்றியது? இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் இரண்டையும் ‘வீட்டிலிருந்து வேலை’ என்று சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அமெரிக்க அரசின் விதிகள் அப்படிச் சேர்ப்பதில்லை.

டெலிவொர்க் வேறு, ரிமோட் வேறு

டெலிவொர்க் ஊழியருக்கு அலுவலகம்தான் பணித்தலம். வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அவருக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். அவருடைய சம்பளக் காலம் இரண்டு வாரங்கள். அந்த இரண்டு வாரத்தில் குறைந்தது இரண்டு முறை அவர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். போனால்தான் அலுவலகம் இருக்கும் ஊரே அவருடைய பணித்தலமாக நீடிக்கும்.

ரிமோட் ஊழியர் அப்படியல்ல. அவருக்கு வீடே பணித்தலம். தலைமை அலுவலகம் அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்தால், அது அரசுப் பயணமாகக் கணக்காகும். விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் அரசுடையவை. டெலிவொர்க் ஊழியரோ தன் பயணச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணித்தலம் ஏன் இவ்வளவு முக்கியம்? சம்பளம் அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. நம் ஊர் அரசு ஊழியர்களுக்கு இது எளிதில் புரியும். சென்னையில் வேலை பார்த்தால் ஒரு வீட்டு வாடகைப்படி, சிற்றூரில் பார்த்தால் வேறொன்று. அமெரிக்காவிலும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் ஊருக்கேற்ற ஒரு விழுக்காடு சேர்கிறது. 2025இல் வாஷிங்டன் வட்டாரத்துக்கு அது 33.94 விழுக்காடு. சான் பிரான்சிஸ்கோவுக்கு 46.34. தனி விகிதம் வகுக்கப்படாத மற்றப் பகுதிகளுக்கெல்லாம் 17.06. அடிப்படைச் சம்பளம் 80,000 டாலர் வாங்கும் ஒருவர் வாஷிங்டனை விட்டு அப்படிப்பட்ட ஒரு சிறிய ஊருக்கு ரிமோட் ஊழியராகப் போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 டாலர் குறைவாக வாங்குவார்.

இந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரிமோட் ஊழியர் என்றால் அரசை ஏமாற்றிச் சுகமாக இருப்பவர் என்ற ஒரு சித்திரம் பொதுப் பேச்சில் பரவிவிட்டது. ஊர் மாறிய பலர் குறைந்த சம்பளத்துக்கு எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டுதான் போனார்கள். அரசும் அவர்களுக்காக ஒரு மேசையையோ சதுர அடியையோ வைத்திருக்க வேண்டியதில்லை என்ற கணக்கில்தான் அனுப்பியது. இரு தரப்பும் தெரிந்தே செய்துகொண்ட ஏற்பாடு அது.

கொரோனாவுக்கு முன்பே தொடங்கிய கதை

இந்தக் கதை 2020இல் தொடங்கியதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு துறையும் டெலிவொர்க் கொள்கை வகுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆனால் வேகம் பிறந்தது ஒரு பனிப்புயலால்தான்.

2010 பிப்ரவரியில் வாஷிங்டனில் அடுத்தடுத்து இரண்டு பெரும் பனிப்புயல்கள் அடித்தன. அரசு அலுவலகங்கள் நான்கு நாட்கள் மூடிக்கிடந்தன. ஒரு நாள் மூடினால் சுமார் 7.1 கோடி டாலர் மதிப்புள்ள வேலை நின்றுபோகிறது என்று அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் கணக்கிட்டது. பலர் வீட்டிலிருந்தே வேலை செய்ததால்தான் இழப்பு முன்பு மதிப்பிட்டதைவிடக் குறைந்தது என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று டெலிவொர்க் மேம்பாட்டுச் சட்டத்தில் பராக் ஒபாமா கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தை நிதானமாகப் படித்தால், அது யாருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைத் தரவில்லை என்பது தெரியும். துறைகளுக்குத்தான் அது கடமைகளைத் தந்தது. எந்தப் பணி வீட்டிலிருந்து செய்யக்கூடியது, எது கூடாது என்று ஒவ்வொரு துறையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முடிவை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். மேலாளரும் ஊழியரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், பயிற்சி பெற வேண்டும். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். தகுதியிழப்பும் உண்டு. ஓர் ஆண்டில் ஐந்து நாட்களுக்கு மேல் சொல்லாமல் விடுப்பில் இருந்து அதற்காகத் தண்டனை பெற்றவர், அரசுக் கணினியில் ஆபாசப் படம் பார்த்துப் பிடிபட்டவர் போன்றோருக்கு டெலிவொர்க் கிடையாது. ஒவ்வொரு பணியாக, ஒவ்வொரு ஆளாகப் பார்த்து முடிவெடு என்பதே அதன் அணுகுமுறை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பின்னால் நடந்த இழுபறிகளில் முதலில் மறந்துபோனதும் இதுதான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. முடிந்தவரை எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யவிடுங்கள் என்று அரசே உத்தரவிட்டது. அது டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலம் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

திரும்பச் சொன்னவர்கள் யார் யார்?

2025 ஆணைக்கு முன்பே பலர் குரல் கொடுத்திருந்தார்கள். அவர்களை ஒரே கட்சிக்குள் அடைத்துவிட முடியாது. வாஷிங்டன் மேயர் மியூரியல் பவுசர் ஜனநாயகக் கட்சிக்காரர். மூன்றாம் முறை பதவியேற்ற 2023 ஜனவரியில் அவர் மத்திய அரசை நோக்கி, ஊழியர்களைத் திரும்ப அழையுங்கள், இல்லையென்றால் கட்டடங்களை எங்களிடம் கொடுங்கள் என்றார். அவருடைய கவலை நியாயமானது. அரசு ஊழியர்களை நம்பி நடந்த மதிய உணவுக் கடைகள் வாடின, மெட்ரோ ரயிலில் கட்டண வருவாய் குறைந்தது. அடுத்த மாதமே குடியரசுக் கட்சியின் கையிலிருந்த பிரதிநிதிகள் சபை, டெலிவொர்க்கைக் கொரோனாவுக்கு முந்தைய அளவுக்குக் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. ஏப்ரலில் பைடன் அரசு தன் பங்குக்கு, நேரில் வரும் நாட்களைக் கணிசமாகக் கூட்டுங்கள் என்று துறைகளைக் கேட்டுக்கொண்டது.

அதே 2023 ஜூலையில் அரசின் தணிக்கை அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கைதான் பலரை உலுக்கியது. 24 பெரிய துறைகளின் தலைமை அலுவலகங்களை அது ஆராய்ந்தது. அவற்றில் 17 துறைகளில் கட்டடக் கொள்ளளவில் சராசரியாகக் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே பயன்பட்டது. ஆளில்லாத அறைகளுக்கும் மின்சாரம், பராமரிப்பு, காவல் என்று மக்கள் வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது.

இந்த அறிக்கையைக் காட்டி இரண்டு நேரெதிர் முடிவுகளுக்கு வரலாம். ‘கட்டடம் காலியாக இருக்கிறது, ஆட்களைக் கூப்பிடு’ என்பது ஒன்று. ‘ஆட்கள் இல்லாமலேயே வேலை நடக்கிறது, கட்டடத்தை விற்றுவிடு’ என்பது மற்றொன்று. 2025இல் அமெரிக்க அரசு இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்த்தது. ஒரு பக்கம் எல்லோரையும் அழைத்தது. மறுபக்கம் அரசுக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பு, விற்கக்கூடியவை என்று 443 கட்டடங்களின் பட்டியலை மார்ச் மாதம் வெளியிட்டு, சீக்கிரமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. திட்டமிடாமல் அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும். இதன் விலையைக் கொடுத்தது ஊழியர்களும் அவர்களை நம்பியிருந்த பொதுமக்களும்தான்.

வேலை எங்கே நன்றாக நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரே பதிலை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தைப் பற்றியது. ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வது உண்மையிலேயே புதிதா என்று பழைய ஆவணங்களையெல்லாம் தேடிப் பார்த்து முடிவெழுதுவது அங்குள்ள ஆய்வாளர்களின் வேலை. பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து படித்து எழுதும் வேலை அது. யார் எத்தனை விண்ணப்பங்களை முடித்தார்கள் என்பதைத் துல்லியமாக எண்ண முடியும். ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை செய்துவந்த அந்த ஆய்வாளர்களுக்கு, அலுவலகத்துக்கு அருகே குடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் நீங்கியது. விரும்பிய ஊரில் வாழலாம் என்றானது. பிருத்விராஜ் சௌத்ரியும் அவருடைய இரு சகாக்களும் அந்தத் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். விரும்பிய ஊருக்குப் போனவர்களின் வேலை அளவு 4.4 விழுக்காடு கூடியிருந்தது.

இரண்டாவது ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. கணினியில் தரவுகளை உள்ளிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை அலுவலகத்திலும் மற்றதை வீட்டிலும் வேலை செய்யவைத்தார்கள். டேவிட் அட்கின், அந்த்வானெத் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர் செய்த ஆய்வு அது. வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வீட்டிலிருந்து வேலை செய்வதையே விரும்பியவர்களுக்குத்தான் அந்த இறக்கம் அதிகமாக இருந்தது. ஏன்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், வீட்டு வேலை தலைமேல் இருப்பவர், அலுவலகத்துக்குப் போக வீட்டில் தடை உள்ளவர் ஆகியோரே வீட்டு வேலையைத் தேடுகிறார்கள். அதே காரணங்கள்தான் அவர்கள் வேலைக்கு இடையூறாகவும் இருக்கின்றன. அவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம். வேறு வழியில்லாதவர்கள் அவர்கள்.

இரண்டு ஆய்வுகளையும் மோதவிட வேண்டியதில்லை. ஒன்றில் இருப்பவர்கள் பல வருட அனுபவமும் தனி அறையும் நிலையான வேலையும் உள்ளவர்கள். மற்றதில் இருப்பவர்கள் நேற்று சேர்ந்தவர்கள். புதியவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மூத்தவர் தேவை. எந்தக் கோப்பை யாரிடம் கொண்டுபோவது, எந்த விதிக்கு எது விலக்கு என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது. அதைக் கேட்டுத்தான் கற்க முடியும். கேட்பதற்கு ஆள் கண்ணில் பட வேண்டும். அலுவலகத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது இதுவே. ‘வீட்டிலிருந்தால் தூங்குவார்கள்’ என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. தூங்குகிறவர் அலுவலகத்திலும் தூங்குவார். அதைக் கவனிக்க வேண்டியவர் மேலாளர்.

2025இல் நடந்தது

ஆணை வந்த இரண்டு நாட்களில், ஜனவரி 24 மாலை ஐந்து மணிக்குள் கொள்கையை மாற்றுங்கள் என்று துறைகளுக்குச் சுற்றறிக்கை போனது. மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட உடல்நலக் குறை உள்ளவர்கள், தக்க காரணமுள்ள மற்றவர்கள் ஆகியோருக்கு விலக்கு அளிக்கலாம் என்று அதில் இருந்தது. படைவீரர்களின் துணைவர்களுக்கும் விலக்கு கிடைத்தது. கணவனோ மனைவியோ ஊர் ஊராக மாற்றலாகும்போது வேலையை விடாமல் காப்பாற்றிக்கொள்ள ரிமோட் வேலை ஒன்றே அவர்களுக்கு வழி. அலுவலகத்திலிருந்து 50 மைலுக்கு அப்பால் வாழ்கிறவர்களைத் தங்கள் துறையின் பொருத்தமான அலுவலகத்துக்கு மாற்றுவதற்கான திட்டங்களும் கேட்கப்பட்டன. ஜனவரி 28 அன்று மற்றொரு கடிதம் வந்தது. விலகுவதாக இப்போதே ஒப்புக்கொண்டால் செப்டம்பர் மாத இறுதிவரை சம்பளம் உண்டு என்றது அது. முதல் சுற்றில் சுமார் 75,000 பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்ததை வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்புக்கு டிரம்ப் தேர்ந்தெடுத்திருந்த எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் 2024 நவம்பரில் ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரையிலேயே, வாரம் ஐந்து நாள் வரச்சொன்னால் பலர் தாங்களாகவே விலகுவார்கள், அதை வரவேற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அலுவலகத்துக்கு அழைப்பதன் நோக்கம் வேலையை மேம்படுத்துவதாக இருக்கலாம், ஆட்களைக் குறைப்பதாகவும் இருக்கலாம். இரண்டாவது நோக்கத்துக்கு முதலாவதன் பெயரைச் சூட்டுவது நேர்மையல்ல என்பது என் திடமான கருத்து. ஆட்குறைப்பு தேவையென்றால் எந்தப் பணி வேண்டாம் என்று பார்த்துக் குறைக்க வேண்டும். பயணச் சுமையைக் கூட்டிக் குறைத்தால் யார் போவார்கள்? வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளும், கைக்குழந்தையோ நோயுற்ற பெற்றோரோ உள்ளவர்களும்தான் முதலில் போவார்கள்.

மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் எஃப்.டி.ஏ. நிறுவனத்தின் கதை இதைக் காட்டுகிறது. 2025 மார்ச் நடுவில் அதன் ஊழியர்கள் அலுவலகம் வந்தார்கள். நிறுத்துமிடத்தில் கார்களின் வரிசை, பாதுகாப்புச் சோதனையில் ஆட்களின் வரிசை. ஏப்ரலுக்குள்ளாகவே ஆட்குறைப்பும் விலகல்களும் அன்றாட வேலையைப் பாதிக்கத் தொடங்கின. மருந்துகளை மதிப்பிடுகிறவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது டெலிவொர்க் செய்யலாம் என்று அந்த நிறுவனம் தளர்த்திக்கொண்டது.

முன்னாள் படைவீரர்களுக்கான துறையில் எழுந்த பிரச்சினை இன்னும் நுட்பமானது. போரில் கண்டதை மறக்க முடியாமல் தவிப்பவர்களுக்குத் தொலைபேசியிலும் காணொலியிலும் உளவியல் ஆலோசனை வழங்குகிறவர்கள் பலர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வேலையைச் செய்துவந்தார்கள். அவர்களை அலுவலகத்துக்கு அழைத்தபோது, பல இடங்களில் தனி அறை இல்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்று அவர்கள் கவலை தெரிவித்தார்கள். அந்தரங்கம் காக்கப் போதிய இடம் ஏற்பாடு செய்யப்படும் என்று துறை பதிலளித்தது. சிகிச்சைக்கு வருபவரும் எங்கோ தன் வீட்டில்தான் இருக்கிறார். ஆலோசகர் அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் இருவரும் பேசுவது அதே திரை வழியாகத்தான். ஆலோசகரை இடம் மாற்றியதில் அந்த நோயாளிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், பைடன் ஆட்சியின் கடைசி வாரங்களில், சுமார் 42,000 ஊழியர்களின் அப்போதைய டெலிவொர்க் அளவை 2029 வரை காக்கும் ஒப்பந்தத்தைச் சங்கத்தோடு செய்துகொண்டது. ஆட்சி மாறும் தறுவாயில் செய்த அந்த ஒப்பந்தத்தை டிரம்ப் கடுமையாகச் சாடினார். ஓய்வூதிய அலுவலகத்துக்கு வந்து காத்திருக்கும் முதியவர்களை நினைத்தால், அங்கே முகப்பில் ஆள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் பின்னறையில் கோப்பு பார்ப்பவருக்கும் முகப்பில் இருப்பவருக்கும் ஒரே விதி எதற்கு?

புதிதாக இதைப் படிப்பவர்கள் குழம்பக்கூடிய இடம் இன்னொன்று உண்டு. அதிபரின் ஆணை சட்டமல்ல. அடுத்து வரும் அதிபர் இன்னொரு கையெழுத்தில் அதை மாற்றலாம். அந்த ஆணை வந்த நாளிலும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. எந்தப் பணி எங்கிருந்து செய்யத் தக்கது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுத்து, அதை ஊழியருக்குத் தெரிவிக்கும் கடமையை அந்தச் சட்டம் துறைகளின்மேல் வைத்திருக்கிறது.